ஆபத்தே இல்லாத வட்டாரம்

ஹேமலதாவின் ரத்தத்தின் அளவு ஆறு புள்ளி ஒன்று என்பது செவ்வாய்க்கிழமை காலை பத்து பத்துக்குத் தெரிந்தது. பத்து இருபதுக்கு அவள் நாயக்கன்மேடு வட்டாரத்திலேயே இல்லை.

அவள் எங்கும் எழுந்து போய்விடவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் அதே பெஞ்சில், குத்தின விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு, ஏழு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். வட்டாரம்தான் அவளைவிட்டு நகர்ந்துகொண்டது.

வயது இருபத்து நாலு. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைன். புருஷன் பூவரசன் தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் ஓட்டுகிறவன். முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. இது இரண்டாவது. கொஞ்ச நாளாகப் படி ஏறினால் மூச்சு வாங்கியது, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. சூப்பர்வைசர் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் கண்டுபிடித்து, லீவு தராமல் குணப்படுத்திக்கொண்டிருந்தார்.

நர்ஸ் நசீமுன்னிசா ரிசல்ட் சீட்டைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். அப்புறம்தான் ஹேமலதாவைப் பார்த்தாள்.

"பதினொண்ணு இருக்கணும்மா. உனக்கு ஆறு. ரத்தம் ஏத்தியே ஆவணும். பிரசவத்துல கொஞ்சம் ஜாஸ்தியா போச்சுன்னா நீ தாங்க மாட்ட. கொழந்தையும் தாங்காது."

"எப்ப ஏத்துவீங்க?"

நசீமுன்னிசா குரலை இறக்கினாள். "மொதல்ல பெரிய டாக்டரைப் போய்ப் பாரு. எதுலயும் கையெழுத்து மட்டும் போட்ராத."

வட்டார மருத்துவ அலுவலர் டாக்டர் தேவசகாயம் கெட்டவர் இல்லை. வாழ்நாளில் யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. யாரையுமே நினைத்ததில்லை என்பதால் அது அவருக்குச் சுலபமாக இருந்தது. அவர் தலைக்குப் பின்னால் ஒரு கரும்பலகை. 'ஆபத்து நிலைத் தாய்மார்கள்: 18. இம்மாத இலக்கு: 0.' ஹேமலதா உள்ளே நுழைந்ததும் உதவியாளர் பதினெட்டை அழித்துப் பத்தொன்பது என்று எழுதினார். டாக்டரின் முகம், சொந்த வீட்டில் பாம்பைப் பார்த்தவர் முகம் போல ஆனது.

"உங்க தாய் வீடு எங்கம்மா?"

"அம்மா இல்ல சார். எனக்கு ஒம்பது வயசுலயே தவறிட்டாங்க."

"அம்மாவைக் கேக்கல. தாய் வீட்டைக் கேட்டேன்."

"அம்மாவே இல்லன்னா வூடு எப்படி சார் இருக்கும்? நான் ஆஸ்டல்ல வளர்ந்தவ."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "பாருங்க, பிரசவத்துக்குப் பொண்ணு தாய் வீட்டுக்குப் போறது நம்ம பண்பாடு. மருத்துவம் நேத்து வந்தது. பண்பாடு எவ்வளவு காலமா இருக்கு? போன மாசம் இங்க இருபத்தாறு பேர் ஆபத்து நிலைல இருந்தாங்க. ஒவ்வொருத்தரா தாய் வீட்டுக்கு அனுப்பி வெச்சோம். ஆபத்து மடமடன்னு கொறைஞ்சிடுச்சு. ஒரு ஊசி செலவில்ல."

"அங்க போய் ரத்தம் ஏத்துவாங்களா சார்?"

"அது அந்த வட்டாரத்தோட பொறுப்பு. அடுத்தவங்க பொறுப்புல நாம தலையிடலாமா?"

உதவியாளர் ஹேமலதாவின் ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாற்றாத பழைய முகவரி, பாலாற்றுக்கு அந்தப் பக்கம், பிறந்த ஊரான புளியந்தாங்கல். டாக்டரின் முகம் மலர்ந்தது. பெற்றவள் இல்லாவிட்டால் என்ன, பிறந்த ஊர் இருக்கிறதே. பத்து இருபதுக்குப் பதிவேட்டில் எழுதப்பட்டது: 'தாய் வீடு செல்ல இருக்கிறார்.' பலகையில் பத்தொன்பது மறுபடி பதினெட்டு ஆனது.

வெள்ளிக்கிழமை விழா.

கல்யாண மண்டபத்தில் பிளெக்ஸ் பேனர், சந்தனம், கலந்த சாதம் ஐந்து வகை. வட்டாரத்தின் ஆபத்து நிலைத் தாய்மார்கள் பத்தொன்பது பேரையும் வரிசையாக உட்காரவைத்து, அரசாங்கமே வளைகாப்பு நடத்தியது. பிரஷர், சர்க்கரை, ரத்தசோகை, வயிற்றில் பிள்ளை குறுக்கே படுத்திருந்தது என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு காரணம். ஒருவருக்கும் ஊசி இல்லை. எல்லோருக்கும் வளையல் உண்டு, கைக்கு இரண்டு டஜன்.

ஹேமலதாவுக்குப் பக்கத்தில் எல்லம்மா. செங்கல் சூளைக்காரி. வயிற்றில் இரட்டை, பிரஷர் நூற்று எழுபது. ஆனாலும் வாய் மட்டும் ஓயவில்லை.

"எங்கம்மா வூட்டுக்கு நான் போயி ஏழு வருசமாச்சு. ஓடிப்போயி கட்டிக்கினவ நானு. எங்கண்ணன் என்னைப் பாத்தா வெட்டுவேன்னு சொல்லிக்கினு திரியறான். இப்ப பாரு, கவர்மெண்டே சந்தனம் பூசி அனுப்பி வெக்குது."

"அம்மா வூடு எங்க?"

"பார்டருக்கு அந்தாண்ட. ஆந்திரா. அங்க ஆஸ்பத்திரிக்குப் போவணும்னா ட்ராக்டர்தான்."

"தல சுத்துதுன்னியே, சொன்னியா?"

"சொன்னேன். வளையல் மாட்டினா சரியாப் போவும்னாரு டாக்டரு."

வளையல் வாங்கினதற்கு அடையாளமாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். வரிசை நீளம், பின்னால் நிற்பவர்கள் அவசரம். ஹேமலதா போட்டுவிட்டாள். வெளியே வந்து, கையில் கொடுத்த நகலில் பூவரசன் மேல்வரியைப் படித்துக் காட்டினான்: 'என் சொந்த விருப்பத்தின் பேரில் இவ்வட்டாரத்தை விட்டுச் செல்கிறேன்.'

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க," என்றான். அவனுக்கு எதிலும் கையெழுத்தின் அழகுதான் முதலில் தெரியும்.

ஜோடித்த வேன்கள் மூன்று. தாய்மார்களை ஏற்றிக்கொண்டு மேளம் அடித்துக்கொண்டு போய், வட்டார எல்லைக் கல் தாண்டி இறக்கிவிட்டன. அங்கிருந்து அவரவர் பஸ் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

புளியந்தாங்கல் வட்டார மருத்துவ அலுவலர் டாக்டர் ரஃபத் ஜஹான் மிகவும் கண்டிப்பானவர். ஹேமலதாவின் விரலைக் குத்தினார்கள். ஐந்து புள்ளி எட்டு. இங்கும் சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது.

"இது எத்தனாவது பிரசவம்?"

"ரெண்டாவது மேடம். மொதல்து தங்கல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "யார் உங்களை இங்க அனுப்பினது? தலைச்சனுக்குத்தான் தாய் வீடு. ரெண்டாவது புருஷன் வீட்டுலதான் பாக்கணும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாயக்கன்மேட்டுல படிச்ச டாக்டர் இதுகூடத் தெரியாம இருக்கார்."

"மேடம், மொதல்து மூணு மாசத்துலயே..."

"கலைஞ்சாலும் கணக்கு கணக்குதான். பண்பாட்டுல சலுகை கெடையாது."

"ரத்தம் மட்டும் ஏத்திட்டு அனுப்பிடுங்க மேடம். நடந்தா விழுந்துடுவேன் போல இருக்கு."

"ரத்தம் ஏத்தினா நீங்க எங்க நோயாளி ஆயிடுவீங்க. அப்புறம் எந்த முகத்தோட உங்களைத் திருப்பி அனுப்பறது?"

அந்த வட்டாரத்திலும் விழா வழக்கம் உண்டு. பெயர் 'புகுந்த வீடு சேர்ப்பு'. மஞ்சள், குங்குமம், கைக்கு ஒரு டஜன் வளையல். குடியாத்தம் பஸ்ஸில் திரும்பும்போது ஹேமலதாவின் இரண்டு கையும் முழங்கை வரை கண்ணாடி. கண்டக்டர் இடம் பிடித்துக் கொடுத்தார். "வளைகாப்பா தங்கச்சி? அதிர்ஷ்டசாலி நீ," என்றார்.

நாயக்கன்மேட்டில் அவள் பதிவு எண் மூடப்பட்டிருந்தது.

"திறக்க முடியாதும்மா," என்றார் உதவியாளர். "கம்ப்யூட்டர் ஒத்துக்காது. ஒரு கர்ப்பத்துக்கு ஒரு எண்ணுதான். மறுபடி எண் வேணும்னா மறுபடி கர்ப்பம் ஆவணும்."

"இது முடிஞ்சாதானே சார் அடுத்தது?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

பூவரசன் முதல்முறையாகக் குரலை உயர்த்தினான். "அப்ப என் பொண்டாட்டி எந்த வட்டாரம்தான் சார்?"

நியாயமான கேள்வி என்று டாக்டர் தேவசகாயம் ஒத்துக்கொண்டார். இரண்டு வட்டாரமும் கூடி மூன்று மணி நேரம் பேசின. ஹேமலதா வெளியே படியில் படுத்திருந்தாள். தேநீர் இரண்டு முறை உள்ளே போனது. முடிவில், கர்ப்பிணி வரலாற்றில் இல்லாத ஒரு புதுப் பிரிவை உண்டாக்கினார்கள்: நடமாடும் கர்ப்பிணி. நடமாடும் கர்ப்பிணிகளை நடமாடும் மருத்துவ வண்டிதான் பார்க்க வேண்டும். வண்டி எட்டு மாதமாக நடமாடவில்லை.

நசீமுன்னிசா வாசல் வரை கூடவே வந்தாள். பிரஷர் பார்க்கக்கூட முடியவில்லை. பட்டையைச் சுற்ற முழங்கைக்கு மேல் இடம் கிடைத்தது. ஸ்டெதாஸ்கோப் வைக்கக் கிடைக்கவில்லை. அவள் குனிந்து வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கழற்றும்போது ஒன்று உடைந்து ஹேமலதாவின் தோலைக் கீறியது. கீறலில் வந்த ரத்தம் தண்ணியாக இருந்தது. நசீமுன்னிசா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்த ஊரு பெரியாஸ்பத்திரி பிரிட்ஜுல ரத்தம் இருக்கும்மா. உன் குரூப்பே இருக்கு. எண் இல்லாம எடுத்தா என் வேலை போய்டும்."

"எவ்ளோ தூரம்?"

"கல்யாண மண்டபத்துக்குப் பின்னால, ரெண்டு தெரு."

மறுநாள் ஷூ கம்பெனி கேன்டீனில் இந்தக் கதை முழுவதையும் கேட்டவள் ஹுமேரா. அதே லைன், பத்து வருஷ சர்வீஸ், மூன்று பிள்ளை பெற்றவள். கேட்டு முடித்து டிபன் டப்பாவை மூடினாள்.

"ஏ ஹேமா, இது நம்ம லைன்ல டெய்லி நடக்கறதுதானே. தையல் கோணலா போன பீஸை இன்னா பண்றோம்?"

"செக்கர் வர்றதுக்கு முன்னால பக்கத்து லைன் பெட்டில தள்ளிடுவோம்."

"அவங்க?"

"அவங்க அடுத்த லைன்ல தள்ளுவாங்க."

"சாயங்காலம் வரைக்கும் பீஸ் சுத்திக்கினே இருக்கும். ஒருத்தனும் பிரிச்சுத் தைக்க மாட்டான். எப்ப நிக்கும் சொல்லு?"

ஹேமலதா யோசித்தாள். "செக்கர் டேபிள் மேல வெச்சுட்டா நிக்கும். டேபிள் மேல ஏறின பீஸை யாரும் தொட முடியாது. யார் லைன் எதிர்ல டேபிள் இருக்கோ, அவங்க தலைலதான்."

"உங்க டாக்டருக்கு செக்கர் எப்ப வர்றான்?"

முப்பதாம் தேதி வந்தார். சென்னையிலிருந்து பெரிய அதிகாரி. 'ஆபத்தே இல்லாத வட்டாரம்' விருது. அதே கல்யாண மண்டபம்.

வரவேற்புக்கு அரசுப் பள்ளி மாணவிகள் எண்பது பேர் காலை எட்டு மணியிலிருந்து வெயிலில் நின்றார்கள். 'இரும்பு மனம், இரும்பு உடல்' என்று பாடிக்கொண்டே இருந்தார்கள். பதினொரு மணிக்குள் ஆறு பேர் மயங்கி விழுந்தார்கள். விழுந்தவர்களைக் காம்பவுண்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். காம்பவுண்டுக்குள் எந்தப் பெண்ணுக்கும் ரத்தசோகை இல்லை.

டாக்டர் தேவசகாயம் மைக்கைப் பிடித்தார்.

"போன மாதம் இந்த வட்டாரத்தில் பத்தொன்பது தாய்மார்கள் ஆபத்தில் இருந்தார்கள். இன்று ஒருவர்கூட இல்லை. எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்கிறார்கள். மருந்தாலா? இல்லை. மருந்து வாங்க எத்தனை கையெழுத்து வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். மருத்துவர்களாலா? எங்களிடம் இருப்பதே மூன்று பேர், அதில் ஒருவர் விழாக் குழு. அன்பால் சாதித்தோம். ஒவ்வொரு தாயையும் சொந்த மகளாக நினைத்து வழியனுப்பினோம். மகளை வழியனுப்பிய பிறகு, அவள் எப்படி இருக்கிறாள் என்று எந்தத் தகப்பனாவது புள்ளிவிவரம் கேட்பானா? அது அநாகரிகம். நாங்கள் கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டோம்."

கைதட்டல். பெரிய அதிகாரி கேடயத்தை எடுத்துக்கொண்டு மேடையின் முன்பக்கம் வந்தார். அவருடைய சிம்மாசன நாற்காலி பத்து நொடி காலியாக இருந்தது.

அந்தப் பத்து நொடியில் ஹேமலதா அதில் உட்கார்ந்தாள்.

பக்கப் படிக்கட்டு ஐந்தே படி. ஹுமேரா ஒரு கை, பூவரசன் ஒரு கை. அதற்கே உதடு வெளுத்துவிட்டது. நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அது நடிப்பில்லை என்பது முதல் வரிசையில் இருந்த எல்லா டாக்டர்களுக்கும் தெரிந்தது. அதனால் யாரும் எழுந்திருக்கவில்லை.

"யாரும்மா இது?" என்றார் பெரிய அதிகாரி.

"வெளி வட்டாரம் சார்," என்றார் தேவசகாயம். "நடமாடும் பிரிவு."

"நடமாட முடியல சார்," என்றாள் ஹுமேரா. மைக் அவள் கைக்கு எப்படிப் போனது என்று பிற்பாடு ஒரு விசாரணை நடந்தது. "அஞ்சரைதான் ரத்தம் இருக்குது. மூச்சு வுடவே பேஜாரா இருக்கு. ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டுப் போய்டறேன். இந்தப் பொண்ணு இப்ப இந்தச் சேர்லயே செத்தா, சாவு எந்த வட்டாரத்துல சார் எழுதுவீங்க?"

பெரிய அதிகாரி தேவசகாயத்தைப் பார்த்தார். தேவசகாயம் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் சட்டம் தெரிந்தவர். மெதுவாகச் சொன்னார்: "பிறப்பு இறப்பெல்லாம் எங்க நடக்குதோ அங்கதான் சார் பதியணும்."

"அதாவது?"

"இங்கதான் சார்."

கேடயம் கீழே இறங்கியது.

தேவசகாயம் மூச்சுவிடாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். "உடனே புளியந்தாங்கலுக்கு..." என்று ஆரம்பித்தார். பூவரசன் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். டிரம்மிலிருந்து ஈரத் தோலை இழுத்து இழுத்துக் காய்ச்சுப்போன கை. "சேரோட தூக்கினாதான் சார் உண்டு," என்றான். "ரெண்டு தெரு தள்ளி பெரியாஸ்பத்திரி. அதைத் தாண்டி ஒரு அடி நகர விடமாட்டேன்."

ஐந்து வாரமாகத் திறக்காத பதிவு எண் ஐந்து நிமிடத்தில் திறந்தது. கம்ப்யூட்டர் ஒத்துக்கொண்டது. நசீமுன்னிசா சொன்ன அதே பெரியாஸ்பத்திரி பிரிட்ஜில் மூன்று பை ரத்தம் இருந்தது. ஒரு மணி நேரத்தில் ஹேமலதாவின் கையில் சிவப்புக் குழாய் ஓடியது. டாக்டர் தேவசகாயமே பக்கத்தில் நின்று சொட்டுச் சொட்டாக எண்ணினார். வாழ்நாளில் அவர் எந்த நோயாளியையும் அவ்வளவு பாசத்தோடு பார்த்ததில்லை. அவள் உயிரோடு இருப்பது அவருக்கு அவ்வளவு அவசியமாக இருந்தது.

மூன்றாம் நாள் அளவு எட்டு புள்ளி நாலு. வயிற்றில் பிள்ளை உதைத்தது. காலையில் டாக்டர் போட்டோகிராபரோடு வந்தார்.

"நல்லா இருக்கீங்களாம்மா? சிரிச்சாப்பல ஒரு போட்டோ. விருதை நிறுத்தி வெச்சிருக்காங்க. உயிரைக் காப்பாத்தின வட்டாரம்னு தலைப்பை மாத்திக் குடுக்கறதா பேச்சு."

"மத்தவங்கள்லாம் எங்க சார்?" என்றாள் ஹேமலதா.

"எந்த மத்தவங்க?"

"என்கூட வளையல் போட்டுக்கினவங்க. பதினெட்டு பேரு."

"அவங்க நம்ம வட்டாரத்துல இல்லையேம்மா."

ஹேமலதா தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். பதினெட்டு பெயர், பதினெட்டு போன் நம்பர். விழாவுக்கு வந்தவர்கள் பட்டியலைப் பார்த்து நசீமுன்னிசா எழுதிக் கொடுத்தது. "நேத்து பூரா எல்லாருக்கும் போன் போட்டோம், நானும் ஹுமேராக்காவும். பதினேழு பேரு எடுத்தாங்க. ஒருத்தருக்கும் யாரும் எதுவும் பாக்கல."

"பதினெட்டுன்னீங்க?"

"எல்லம்மா போனை அவங்கண்ணன் எடுத்தாரு. புதன்கிழமை வலிப்பு வந்துச்சாம். ட்ராக்டர் வரங்காட்டியும்..." ஹேமலதா நிறுத்தினாள். தாளில் அந்தப் பெயர் மேல் விரலை வைத்தாள். "மூணு உசுரு சார்."

டாக்டர் தேவசகாயம் மனசுக்குள் ஏதோ கூட்டிக் கழித்தார்.

"எந்த ஊர்ல?"

"பார்டருக்கு அந்தாண்ட."

"ஆந்திராவா?"

"ஆமா."

அவர் முகத்தில் அப்போது வந்ததை ஹேமலதா சாகிறவரை மறக்க மாட்டாள். நிம்மதி. பஸ் பிடிக்க ஓடிவந்து, பஸ் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தவனுக்கு வருமே, அந்த நிம்மதி.

"வருத்தமான விஷயம்," என்றார். "போட்டோ எடுத்துடலாமா? வெளிச்சம் நல்லா இருக்கு."

ஹேமலதா எழுந்து உட்கார்ந்தாள். இன்னும் பலமில்லை.

"சார், மீதிப் பதினேழு பேருக்கும் ஒரே விஷயம்தான் சொன்னோம். தாய் வூடும் வாணாம், புருஷன் வூடும் வாணாம், இங்க வந்து ஒக்காருங்கன்னு சொன்னோம். குடியாத்தம் பஸ்ல ஒம்பது பேரு. ஜோலார்பேட்டைலருந்து பாசஞ்சர்ல மிச்சப் பேரு. நசீமுன்னிசாம்மா தண்ணி, பாய் எல்லாம் போட்டு வெச்சிருக்காங்க."

ஜன்னலுக்கு வெளியே கண்ணாடி வளையல்கள் உரசும் சத்தம். டாக்டர் எட்டிப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்துகொண்டு வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தியின் முகம் வீங்கிக் கண் இடுங்கியிருந்தது. ஒருத்தியைப் புருஷன் தூக்கிக்கொண்டே வந்தான். முன்னால் ஹுமேரா.

"வாட்ச்மேன்," என்று கத்தினார் தேவசகாயம். "கேட்டைச் சாத்து."

வாட்ச்மேன் சாத்தினான். பூட்டும் போட்டான்.

பெண்கள் வாக்குவாதம் செய்யவில்லை. கேட்டுக்கு வெளியே, ரோட்டில், ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். லாரி ஒன்று பிரேக் போட்டு நின்றது. அதற்குப் பின்னால் பஸ், அதற்குப் பின்னால் தோல் ஏற்றிய டெம்போக்கள். முகம் வீங்கியிருந்தவள் உட்கார முடியாமல் தார் மேலேயே படுத்துவிட்டாள். ஹுமேரா தன் துப்பட்டாவை மடித்து அவள் தலைக்குக் கீழே வைத்தாள்.

டாக்டர் தேவசகாயம் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். உதவியாளர் பக்கத்தில் வந்து, கேட்காமலே மெல்லச் சொன்னார்:

"அந்த ரோடும் நம்ம வட்டாரம்தான் சார்."